மீட்டரை மறைத்து நிற்பவர்

பஸ் நகர்ந்துவிட்டது. இருதயராஜ் ஓடவில்லை. கோர்ப்படியிலிருந்து பூனாவின் கேம்ப் பகுதிக்குப் போகும் அந்தச் சிவப்பு பஸ் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஊர்கிறது. கையை நீட்டினால் கம்பி அகப்படும். பஸ் ஓட்டுகிற ஜான், இருதயராஜுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தலையை வெளியே நீட்டிக் கத்துகிறார்.

"யோவ் இருதயம்! ரெண்டு எட்டு ஓடியாய்யா! கண்டக்டரு மணியடிச்சிட்டான்!"

"நீ போ ஜானு. ஓடுனா நமக்கு அலை சுருங்கிடும்."

"சுருங்குனா இஸ்திரி போட்டுக்கலாம், வாய்யா!"

பஸ் போய்விடுகிறது. இருதயராஜ் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார். பூனா நகரமே சைக்கிள் மிதித்து அவரைத் தாண்டிப் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர்கள், ஒன்பது கஜப் புடவையைக் கச்சமாகக் கட்டிய கிழவி ஒருத்திகூட மணியடித்துவிட்டுத் தாண்டுகிறாள். அவருக்கு ரோஷம் வருவதில்லை. பத்து மணிக்குக் கல்லூரி. பத்தேகாலுக்குப் போய்ச் சேருவார். "ஏன் லேட்டு?" என்று கேட்டால், "பஸ்ஸு நிக்கல சார்" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நாற்பத்தேழு வயது. காக்கி உடுப்பு. உடுப்பின் மூன்றாவது பொத்தானுக்கும் நான்காவது பொத்தானுக்கும் நடுவில் வயிறு தன் சொந்த முயற்சியில் வெளியே எட்டிப் பார்க்கும். படிப்பு ஆறாம் வகுப்பு. பாட்டனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சமையல்காரராக வந்தவர். பட்டாளம் போய்விட்டது, குடும்பம் தங்கிவிட்டது. கேம்ப்பில் உள்ள ஒரு கல்லூரியின் பௌதிகத் துறையில் இருதயராஜ் அட்டெண்டர். ஐம்பத்தொன்பதில் சேர்ந்தார். துடைப்பது, தூக்குவது, திரை இழுப்பது, டீ வாங்கி வருவது அவர் வேலை. டீ ஆறித்தான் வரும், காரணம் முன்னமே சொன்னதுதான்.

அந்த அலைக் கதை அவராகக் கட்டியதல்ல. துறைத் தலைவர் பத்மநாபன் வருடா வருடம் நடத்துகிற பாடம் அது. வகுப்பு நடக்கும்போது கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டியது அட்டெண்டரின் விதி. ஒரே பாடத்தைப் பதினெட்டு தடவை கேட்டால் சுவரில் இருக்கும் பல்லிக்குக்கூட நாலு வரி தேறும். இருதயராஜுக்குத் தேறியது இதுதான்: உலகத்தில் ஓடுகிற பொருள் எதற்கும் ஓர் அலை உண்டு. அணுவுக்குள் சுற்றும் எலெக்ட்ரானுக்கும் உண்டு, ஆனைக்கும் உண்டு. கனம் கூடினால் அலை சின்னதாகும். வேகம் கூடினாலும் அலை சின்னதாகும். இரண்டு மடங்கு வேகத்தில் போனால் அலை சரிபாதி. போகாமல் நின்றுவிட்டாலோ, அலை விரிந்துகொண்டே போகும், அதற்கு எல்லையே கிடையாது.

பாடத்தின் கடைசி வரியை மட்டும் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சும்மா குந்தினு இருக்கேன்னு பாக்காத மணி," என்பார் மனைவி ஆரோக்கியமணியிடம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தபடி. "நான் இங்க குந்திக்கினா என் அலை பிம்ப்ரி வரிக்கும் போகுது."

ஆரோக்கியமணி ஒரு கான்வென்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏ பி சி டி சொல்லிக்கொடுக்கிறவர். கையில் மண்ணெண்ணெய் டின் இருக்கும்.

"பிம்ப்ரி வரிக்கும் போவுதா? அப்போ போற வழியில ரேஷன் கடை இருக்குது பாருங்க, அதும் கையில இந்த டின்ன குடுத்தனுப்புங்க."

வகுப்பில் பத்மநாபன் ஒரு கணக்கும் போட்டுக் காட்டுவார். ஓர் ஆள் சாதாரணமாக நடந்தால் அவனுடைய அலையின் நீளம் எவ்வளவு? பலகையில் ஒரு புள்ளி வைத்து, அதற்குப் பின்னால் முப்பத்து நான்கு சைபர் போட்டு, ஓரத்தில் இடம் போதாமல் கீழே வந்து ஒரு ஒன்று போடுவார். அவ்வளவு மீட்டர். அதாவது ஒன்றுமேயில்லை. பையன்கள் சிரிப்பார்கள். நூலகத்துப் பியூன் மோசஸ் இதைக் கேள்விப்பட்டு ஒருநாள் மடக்கினான்.

"இன்னா அண்ணாத்தே, உன் அலைல சைபர்தான் நிறைய இருக்குதாமே?"

"டேய், என் சம்பளத்துல சைபர் கம்மி, அலைலயாவது இருக்கட்டும்டா," என்றார் இருதயராஜ். "கடைசில ஒண்ணு இருக்குதுல்ல? அது போதும்."

இந்த மனிதர் ஒரே ஒரு பொருளிடம் மட்டும் சோம்பல் காட்டுவதில்லை. அது எழுபத்தொன்றில் வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணாடிக் குழாய். பூசணிக்காய் அளவு தலை, அதற்கு நீளமான கழுத்து. கழுத்தின் அடியில் ஒரு கம்பி சூடாகி எலெக்ட்ரான்களைக் கக்கும். பக்கத்துப் பெட்டியில் உள்ள திருகைத் திருப்பினால் வோல்ட் ஏறும், எவ்வளவு என்று அதிலுள்ள மீட்டரின் முள் காட்டும். ஏறுகிற வோல்ட் எலெக்ட்ரானை முதுகில் உதைத்து முன்னால் தள்ளும். நடுவில் மெல்லிய கரித்தாள் ஒன்று. அதைத் துளைத்துக்கொண்டு வருகிற எலெக்ட்ரான்கள் பூசணியின் முகத்தில் பச்சையாக இரண்டு வளையம் போடும், மழைக்கு முந்தைய நாள் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அந்த மாதிரி. அலையாக இல்லாத ஒன்று இப்படி வளையம் போடாது. எலெக்ட்ரானுக்கு அலை உண்டு என்பதற்கு அந்த வளையம்தான் சாட்சி. அலை பெரிதானால் வளையம் பெரிது, அலை சுருங்கினால் வளையமும் சுருங்கும்.

அதைத் துடைக்க அவர் வைத்திருப்பது, ஆரோக்கியமணியின் கல்யாணப் புடவையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. கிழித்தது அந்த அம்மாளுக்கு இன்னும் தெரியாது. அந்தக் குழாயை வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டால், அல்லது பாடம் அறுவையாகிவிட்டால், "பிலமென்ட் சூடாயிடுச்சு சார்" என்று சொல்லி டப்பென்று ஸ்விட்சை அணைத்துவிடுவார். உள்ளே உள்ள கம்பி சூடாக இருக்க வேண்டியதுதான் முறை, சூடாகாவிட்டால் குழாயே வேலை செய்யாது. ஆனால் எட்டு வருடமாக எந்தப் பேராசிரியரும் அதைக் கேட்டு எதிர்க் கேள்வி போட்டதில்லை. அவ்வளவு பயபக்தியோடு சொல்வார்.

வளையத்தின் அளவு அவருக்கு மனப்பாடம். உள் வளையத்தைத்தான் சொல்கிறார். "ஆயிரம் வோல்ட்டுல ஷ்ரூஸ்பரி பிஸ்கோத்து. ரெண்டாயிரத்துல பேடா. நாலாயிரத்துல அம்பது பைசா." ஸ்கேல் வைத்து அளந்தாலும் கணக்கு பிசகாது. பிஸ்கோத்தில் சரிபாதி அந்த அம்பது பைசா. ஆக, வளையம் பாதியாக வேண்டுமென்றால் வோல்ட்டை இரண்டு மடங்கு ஏற்றினால் போதாது, நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். இரண்டு மடங்குக்குப் பேடாதான் வரும்.

ஏன் நான்கு என்பது ரொம்ப நாள் அவருக்குப் பிடிபடவில்லை. தெளிய வைத்தது ஜானின் பஸ். ஒரு சாயங்காலம் சீட்டில் சாய்ந்தபடி ஜான் சொன்னார்:

"இருபதுல போறேன்னு வையி. பிரேக்க அமுக்குனா ஒரு புளியமரம் தாண்டி வண்டி நிக்கும். நாப்பதுல போனா ரெண்டு மரத்துல நிக்கும்னு புதுப் பசங்க நினைக்கிறானுங்க. நிக்காதுய்யா. நாலு மரம் வேணும். வேகம் ரெட்டிச்சா வண்டிக்குள்ள இருக்குற தம்மு நாலு மடங்கு. ரெண்டாவது மரத்துல நிக்கும்னு நம்புனவன்லாம் ஆசுபத்திரில கெடக்குறான்."

இருதயராஜுக்கு அன்றைக்கு விளங்கிவிட்டது. வோல்ட் கொடுப்பது வேகத்தை அல்ல, தம்மை. தம்மை நான்கு மடங்கு கொடுத்தால்தான் வேகம் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால்தான் அலை பாதி. பத்மநாபன் பலகையில் எழுதுகிற வாய்பாட்டில் வோல்ட்டுக்கு மேல் குடை பிடித்த மாதிரி ஒரு வர்க்கமூலக் குறி நிற்குமே, அது எதற்கு நிற்கிறது என்பதும் விளங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. அட்டெண்டருக்கு விளங்குவது என்ற ஒன்று கல்லூரி விதிமுறையில் இல்லை.

விதிமுறையில் வேறொன்று இருந்தது. ஆய்வக உதவியாளர் என்றொரு பதவி. காக்கி போய் வெள்ளைக் கோட்டு வரும். ஸ்டூல் போய் நாற்காலி வரும். ஓய்வுக்குப் பிறகு பென்ஷனும் உண்டு. பத்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும். படிக்காதவர் என்றால், துறைத் தலைவர் கைப்பட ஒரு சிபாரிசு தர வேண்டும். அந்தச் சிபாரிசை மோசஸ் நூலகத்துத் தட்டச்சு மிஷினில் ரகசியமாக அடித்தே கொடுத்துவிட்டான். இவர் வேலை திறமாகச் செய்வார் என்று இரண்டு வரி. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தக் காகிதத்தை இருதயராஜ் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஐந்து வருடம் நடமாடினார். சட்டை மாறும்போதெல்லாம் காகிதமும் பை மாறியது. வியர்வையில் ஊறி அது பழைய பத்து ரூபாய் நோட்டு மாதிரி ஆகிவிட்டது.

"ஆகட்டும் இருதயம், பாத்துக்கலாம். பரீட்சை முடியட்டும்," என்பார் பத்மநாபன். பரீட்சை முடியும். "லீவு முடியட்டும்." லீவும் முடியும். எழுபத்தேழில், "இந்த இன்ஸ்பெக்‌ஷன் மாத்திரம் நல்லபடியா முடியட்டும்டாப்பா, உனக்கு நான் போட்டுத் தந்துடறேன்," என்றார்.

அந்த இன்ஸ்பெக்‌ஷன் கல்லூரிக்கு எம்.எஸ்ஸி. நடத்த அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று பார்ப்பதற்கு. ஒரு வாரம் கல்லூரி கல்யாண வீடாயிற்று. சுவருக்கு வெள்ளை, கதவுக்குப் பச்சை. அக்கம்பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து கருவிகளை இரவல் வாங்கி அடுக்கினார்கள். பக்கத்துக் கல்லூரியின் பேர் தெரியாமல் ஒட்ட லேபிள் எழுதியதே மூன்று நாள் வேலை. எப்போதும் பூட்டியே கிடக்கும் அலமாரியைத் திறந்து பார்த்தபோது அதில் பழைய உதவி முதல்வரின் மழைக்கோட்டு இருந்தது. அதையும் ஒரு கருவியாக எண்ணிவிடலாமா என்று ஒருவர் யோசித்ததாகக் கேள்வி.

பல்கலைக்கழகக் குழு மூன்று பேர். ஒருவர் கழிவறைகளை எண்ணினார். ஒருவர் சமோசாக்களை எண்ணினார். மூன்றாமவர் கோலாப்பூரிலிருந்து வந்த மெலிந்த மனிதர், கண்ணாடிக்குப் பின்னால் பூனைக் கண். அவர் மட்டும்தான் கருவிகளைப் பார்த்தார். நேராக இருட்டறைக்குள் வந்தார். திரை இழுத்தாயிற்று. இருதயராஜ் குழாயை ஏற்றினார். ஆயிரம் வோல்ட். பச்சை வளையம் பிஸ்கோத்து அளவில் மங்கலாக எழுந்தது.

"வோல்ட்டேஜை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும்?" என்று கோலாப்பூர்க்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

பத்மநாபன் பதினெட்டு வருடமாகப் பலகையில் சரியாக எழுதிய மனிதர். ஆனால் எழுதுவது வேறு, இருட்டில் ஒருத்தர் திடீரென்று கேட்டால் சொல்வது வேறு. கழுத்து டையைத் தளர்த்திவிட்டு, "பாதியாகும். வளையம் சரிபாதியாகும்," என்றார்.

கோலாப்பூர்க்காரர் ஸ்கேலை எடுத்து, இருக்கிற வளையத்தை அளந்துகொண்டார். "காட்டுங்கள்," என்றார்.

"இருதயம், டபுள் பண்ணு," என்றார் பத்மநாபன்.

திருகு இருதயராஜின் கையில். சட்டைப்பையில் காகிதம். இரண்டாயிரத்துக்குத் திருப்பினால் பேடா வரும். பேடா பிஸ்கோத்தில் பாதி அல்ல என்பது கோலாப்பூர்க்காரருக்கு என்ன, சமோசாக்காரருக்கே தெரியும். பத்மநாபன் அவமானப்படுவார். எம்.எஸ்ஸி. போகும். அவமானப்பட்டவர் யாருக்குச் சிபாரிசு எழுதுவார்? இத்தனையும் யோசிக்க வேறு யாருக்காவது கால் மணி நேரம் பிடித்திருக்கும். வாழ்நாளில் அவசரப்படாத அந்த மனிதர் அன்று கண் சிமிட்டும் நேரத்தில் முடிவு செய்தார். அரை அடி இடப்பக்கம் நகர்ந்தார். வயிறு மீட்டரை முழுசாக மறைத்தது. திருகை நாலாயிரத்துக்குத் திருப்பினார். வளையம் சுருங்கி அம்பது பைசாவாக நின்றது.

"யூ ஸீ?" என்றார் பத்மநாபன். குரலில் டை மறுபடி இறுகிவிட்டது.

கோலாப்பூர்க்காரர் ஸ்கேலை வைத்து அளந்தார். சரிபாதி. நிமிர்ந்தார். நெற்றி சுருங்கிற்று. மேசையைச் சுற்றிக்கொண்டு இருதயராஜ் பக்கம் வந்தார்.

"மீட்டர் திகாவோ," என்றார், மீட்டரைக் காட்டு என்று.

டப்.

"பிலமென்ட் கரம் ஹோ கயா சாப்," என்றார் இருதயராஜ், அந்தப் பழைய பயபக்தியோடு. திரையை விலக்கி வெயிலை உள்ளே விட்டபோது மீட்டரின் முள் சைபரில் சாதுவாகப் படுத்திருந்தது.

கோலாப்பூர்க்காரர் முள்ளைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். போகிறபோது நடைவழியில் ஒரு நொடி நின்று, தாழ்ந்த குரலில், "கித்னா தா?" என்று கேட்டார். எவ்வளவு இருந்தது என்று.

"சாப், சமோசா சூடா இருக்குது, சாப்பிட்டுட்டுப் போங்க," என்று தமிழில் பதில் சொன்னார் இருதயராஜ். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பெரிய மனிதர்தான். அறிக்கையில், ஆய்வக ஊழியர் அறிவாளி என்று எழுதியிருந்ததாக மோசஸ் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொன்னான். அது பேராசிரியர்களைச் சொன்னது என்று பேராசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அனுமதி வந்தது. பத்மநாபன் சொன்ன சொல் தவறாதவர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மோசஸ் அடித்த காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை, "நானே எழுதறேன், அதான் மரியாதை," என்று தாமே கைப்பட எழுதிக் கொடுத்தார். ஆங்கிலம். இருதயராஜ் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கடியில் நீட்டினார். ஆரோக்கியமணி கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தித் தமிழில் படித்தார்.

"இவருக்கு பௌதிகம் எதுவும் தெரியாது..."

"ம்."

"அறிவு சம்பந்தப்பட்ட வேலை எதிர்பார்க்க முடியாது... ஆனா சொன்ன வேலைய சொன்னபடியே செய்வாரு. ஒரு எள்ளு அளவுகூட கூட்டவும் மாட்டாரு, குறைக்கவும் மாட்டாரு." கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னத சொன்னபடியா? நீங்களா? இது வேற ஆளுக்கு எழுதுன லெட்டருங்க. போயி மாத்திக்கினு வாங்க."

இருதயராஜ் சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி நான்காக மடித்தார். ராத்திரி ரசம் மட்டும் போதும் என்றார்.

வெள்ளைக் கோட்டு வந்தது. கூடவே ஒரு வருடம் பரீட்சார்த்தம் என்ற நிபந்தனையும் வந்தது. வருட முடிவில் இன்னொரு காகிதத்தில் பத்மநாபன் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் பழைய ஸ்டூல், பழைய காக்கி.

இதற்கு நடுவில் ஒரு விபரீதம் வளர்ந்தது. கண்ணால் கண்டதை பத்மநாபன் நம்பிவிட்டார். இரண்டு மடங்குக்கு வளையம் பாதியானது, அவர் பார்த்தார், பல்கலைக்கழகக் குழுவே ஸ்கேல் வைத்து அளந்தது. அப்படியானால் பாடப்புத்தகத்தில் வோல்ட்டுக்கு மேல் நிற்கும் அந்தக் குடை என்ன? "அச்சுப்பிழை," என்றார். சிவப்பு மசியில் அடித்தார். எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு பதினெட்டுப் பேரையும் அவரவர் புத்தகத்தில் அடிக்கச் சொன்னார். பதினேழு பேர் அடித்தார்கள். ஆய்வு நோட்டிலும் இரண்டாயிரத்துக்கு நேரே பாதி அளவு எழுதினார்கள். ஸ்கேலைக் கையிலெடுத்தால்தானே வேறு அளவு வரும்? அவர்கள் எடுக்கவில்லை. சார் சொன்ன விடை இருக்கும்போது அளப்பானேன்.

பதினெட்டாவது ஆள் ரமா. கிர்க்கித் தொழிற்சாலைக் குமாஸ்தா ஒருவரின் மகள். தமிழைத் தேடித் தேடிப் பேசுவாள். அந்தப் பெண் அளந்தாள்.

"அங்கிள், இது பாதி நஹீ ஹை... பாதி இல்லை," என்றாள் இருதயராஜிடம். "தேகோ, பாருங்க. ஆயிரத்திலே அஞ்சு சென்டிமீட்டர். ரெண்டாயிரத்திலே மூணரை. நான்... எப்படி சொல்றது... தப்பா அளக்கலை."

"பாதின்னு போட்டுடும்மா. எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கிறாங்க."

"வரலையே அங்கிள். வராததை எப்படி போடறது?"

அவள் மூன்றரை என்றே எழுதினாள். பத்மநாபன் சிவப்பு மசியில் அடித்து, மறுபடி செய் என்றார். மறுபடி செய்தாள். மூன்றரை. மறுபடி அடித்தார். நான்காவது தடவை அந்த நோட்டு திரும்பி வந்தபோது அதில் நீல மசியைவிடச் சிவப்பு அதிகம் இருந்தது. இந்த நோட்டில் கையெழுத்தாகாவிட்டால் செய்முறைப் பரீட்சைக்கே உட்கார முடியாது. அந்த நான்கு தடவையும் இருதயராஜ் பக்கத்தில் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். வீட்டிலும் ஆள் ஒரு மாதிரியாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தால் அலையைப் பற்றிப் பேச்சில்லை. ஒருநாள் கேட்காமலே மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். ஆரோக்கியமணி பயந்துபோய் ஜானிடம், "அண்ணே, அவரு ஒடம்புக்கு ஏதாவதுன்னு உங்ககிட்ட சொன்னாரா?" என்று விசாரித்தார்.

இந்த மார்ச் மாதம், பரீட்சார்த்த வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, பத்மநாபன் வகுப்பு முழுவதையும் இருட்டறைக்குக் கூட்டிவந்தார். கையில் ரமாவின் நோட்டு.

"இந்தப் பொண்ணு நாலு வாட்டி பண்ணி நாலு வாட்டியும் தப்பு. யுனிவர்சிட்டி கமிட்டியே பாத்துட்டுப் போன விஷயம் இது. கண்ணால பாத்தாத்தான் நம்புவாளாம். பாக்கட்டும்." திரும்பினார். "இருதயம், மொதல்ல ஆயிரம் வை."

இருதயராஜ் வைத்தார். வெள்ளைக் கோட்டுக்குள் வயிறு மீட்டரை மறைத்து நின்றது. காக்கியைவிட வெள்ளைக் கோட்டு அகலம், மறைப்புக்கு இன்னும் தோது. பச்சை வளையம் எழுந்தது. ரமா ஸ்கேல் வைத்து அளந்து, "அஞ்சு," என்றாள்.

"இப்போ டபுள் பண்ணு."

இருதயராஜின் கை திருகை நாலாயிரத்துக்குத் திருப்பியது. யோசித்துச் செய்ததல்ல, குழுவின் முன்னால் ஒருதரம் பழகிய கை. வளையம் அம்பது பைசாவாகச் சுருங்கியது. ரமா அளந்தாள். ஸ்கேலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள்.

"சொல்லு, எவ்வளவு?"

"ரெண்டரை சார்."

"எல்லாரும் பாத்தேளா? எழுதிக்கோ. இப்பவாவது ஒத்துக்கறயா, நீ அளந்ததெல்லாம் தப்புன்னு?"

அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள். மூடி கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் குனியவில்லை. மூன்றரை என்று தான் எழுதிய இடத்தைத் தானே அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள்.

இருதயராஜின் கை வழக்கப்படி ஸ்விட்சுக்குப் போனது. "பிலமென்ட்..." என்று வாயும் திறந்தது. பத்மநாபன்கூட அந்த வாக்கியத்துக்காகத் தலையை ஆட்டத் தயாராக இருந்தார்.

கை ஸ்விட்சைத் தொடாமல் திரும்பி வந்தது. கோட்டுப்பையிலிருந்து அந்தப் புடவைத் துண்டை எடுத்தது. மீட்டரின் கண்ணாடியை ஒரு தடவை நிதானமாகத் துடைத்தது. பிறகு இருதயராஜ், ஓடுகிற பஸ்ஸுக்குக்கூட ஓர் எட்டு எடுத்து வைக்காத அந்த மனிதர், வலப்பக்கமாக முழுசாக இரண்டு எட்டு எடுத்துவைத்துத் தள்ளி நின்றார்.